ஒரு காலி ஃபோல்டரின் நகல்

“எனக்கு ஒண்ணுமே தெரியலயே மாப்ள. ஒரே கறுப்பா இருக்கு.”

“தெரிய வேண்டியது எனக்குத் தெரியுது அத்தான். நீங்க டீயக் குடிங்க.”

அத்தான், செத்துப்போன என் அக்காவின் கணவர். டீ போட்டவள் அவருடைய புது மனைவி. அவர் வீட்டுக் கணினியை என் அலுவலகக் கணினியோடு இணைத்துக்கொண்டிருந்தேன். கெட்டுப்போனால் அங்கிருந்தே சரிசெய்யலாம். கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டி, எங்கிருந்து எங்கே என்று சொன்னால் போதும். கோப்புகள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

“நீ இருக்கறதால எனக்குக் கவலையே இல்ல,” என்றார்.

அந்தக் கணினியில்தான் அக்காவின் குரல்கள் இருந்தன. ஆஸ்பத்திரிப் படுக்கையில் பேசிப் பதிவுசெய்தவை. மகள் பாப்பா பயந்தால் கேட்க ஒன்று, தூங்க ஒன்று, பெரியவளானதும் கேட்க ஒன்று. அத்தானுக்குச் சில. வேலைக்கார அம்மாவுக்குக்கூட ஒன்று, அடுப்பைத் துடைப்பது பற்றி. மைக்கைப் பிடித்திருந்தவன் நான். கை மரத்துப்போனால் மறு கைக்கு மாற்றிக்கொள்வேன்.

வருடம் திரும்புவதற்குள் மறுமணம். பாப்பாவுக்குத் துணை வேண்டுமாம். அந்தத் துணை, அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்து, அக்காவின் குரலைப் பாப்பாவுக்குப் போட்டுவிட்டு, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு உச்சந்தலை கொதித்தது. ஆனால் நான் கத்துகிற ஆள் இல்லை.

மறுநாள் அலுவலகத்திலிருந்து குரல்களை எல்லாம் என் கணினிக்கு எடுத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை.

நகல் கட்டளையோடு ஒரு சொல்லைச் சேர்த்தால், அனுப்பும் இடத்தில் இருப்பது மட்டுமே சேரும் இடத்தில் மிஞ்சும். மற்றதெல்லாம் போய்விடும். காலியாக ஒரு ஃபோல்டர் உருவாக்கி, அதை அவர் வீட்டில் குரல்கள் இருந்த இடத்துக்கு அனுப்பினேன். நான் எதையும் அழிக்கவில்லை. காலியாக இருந்த ஒன்றை நகலெடுத்தேன், அவ்வளவுதான். மாலையில் அந்த வீட்டு பேக்கப் டிஸ்க், நான் பழக்கிவைத்திருந்தபடி, அந்த வெறுமையையும் ஒழுங்காக வாங்கிக்கொண்டது; அதிலிருந்த பிரதிகளும் போயின.

கை தவறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அந்தக் கட்டளைக்கு ஒத்திகையும் உண்டு. எதையும் தொடாமல், என்னென்ன போகும் என்பதை மட்டும் காட்டும். ஓடவிட்டேன். பெயர்கள் ஓடின. ‘தம்பிக்கு’ என்று ஒன்று இருக்கிறதா என்று பார்த்தேன். வேகமாக ஓடியதில் தவறவிட்டிருப்பேனோ என்று மறுபடியும் ஓடவிட்டு, விரலை வைத்துப் பார்த்தேன். அப்புறம் ஒத்திகைச் சொல்லை எடுத்துவிட்டு என்டரைத் தட்டினேன்.

என் கோபமெல்லாம் அந்தக் கல்யாணத்தின் மேல்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பாப்பா, தான் எதையோ அமுக்கிவிட்டதாக நினைக்கிறாள். அன்று அந்தக் கணினியில் படம் வரைந்துகொண்டிருந்தாளாம். அத்தான் அவளை அடித்தார். அதுவரை அடித்ததே இல்லை. நான்தான் கையைப் பிடித்துத் தடுத்தேன்.

“விடுங்க அத்தான். சின்னப் புள்ள, தெரியாம செஞ்சிருச்சு.”

இப்போது அலுவலகத்தில் மத்தியான வேளையில் எல்லோரும் சாப்பிடப் போனதும் ஹெட்போனை மாட்டிக்கொள்கிறேன். அக்கா என்னோடு மட்டும் பேசுகிறாள். “பாப்பா” என்று அவள் கூப்பிடும்போது “ம்” என்கிறேன்.

நேற்று அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தபோது பாப்பா வந்து நின்றாள். கூட்டிவந்தவள் அந்தப் புதியவள், கதவருகிலேயே நின்றுகொண்டாள். நான் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டேன். உள்ளே அக்கா இன்னும் மெல்லியதாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

“மாமா, அம்மா தூங்கச் சொல்றது மட்டும் கெடச்சாப் போதும். உங்க கம்ப்யூட்டர்ல எங்கயாச்சும் இருக்கான்னு கொஞ்சம் பாருங்களேன். நான் எதையும் தொட மாட்டேன்.”