உடைப்பில் படுத்தவன்

அந்த ஃபேனைக் கொஞ்சம் குறைச்சு வைங்க மேடம், தாளெல்லாம் பறக்குது. நிதானமாவே எழுதிக்குங்க, எனக்கு ஒண்ணும் அவசரமில்லை. ரெத்தினம் அண்ணனை ரிமாண்ட் பண்ணி மூணு நாளாச்சு. கயித்தைக் கவனிக்காம விட்டதால நடிகர் லியோ செத்தார்னு கேஸ். பாவம், அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

படத்தோட டைரக்டர் நான். முந்நூறு வருஷத்துக்கு முந்தின கதை. வெள்ளத்துல கரை உடையுது. ஊர் முழுகாம இருக்க, ஒரு பண்ணையாள் உடைப்புக்குக் குறுக்கே படுத்துக்கிறான். அவன் மேலேயே வைக்கோலும் களிமண்ணும் போட்டு அடைக்கிறாங்க. குடவாசல் பக்கம் ஒரு வாய்க்கால்ல எடுத்தோம்.

லியோ நாடகக்காரன். தங்கமான பையன். எனக்காக ஒண்ணரை வருஷம் உடம்பைக் குறைச்சான், நாத்து நடக் கத்துக்கிட்டான். ஆனா அந்த ஒரு ஷாட் மட்டும் வரலை. ஆறு டேக். மூச்சு முட்டுற மாதிரி அழகா நடிச்சான். எனக்கு எரிச்சலா வந்துது. இடுப்புல கயிறு இருக்கு, ரெண்டு தடவை இழுத்தா ரெத்தினம் அண்ணன் தூக்கிடுவார்ங்கிற தைரியம் அவன் கண்ணுலயே தெரிஞ்சுது.

அண்ணன் நிஜமாவே உடைப்பு அடைச்ச ஆளு. அவங்க வேலையில ஒரு வழக்கம் உண்டு. கயிறு பிடிக்கிறவர் மாறினா, "கை மாறுது"ன்னு தண்ணியில கிடக்கிறவனுக்குக் குரல் கொடுக்கணும். அவன் "சரி"ன்ன பிறகுதான் விடணும்.

ஏழாவது டேக்குக்கு முன்னாடி அவரை வைக்கோல் கட்டைப் பார்க்க அனுப்பினேன். கயித்தை நான் வாங்கிக்கிட்டேன்.

"ஒரு குரல் கொடுத்துட்டுப் போயிடறேங்க."

"சவுண்ட் ஓடுதுண்ணே. நானே சொல்லிக்கிறேன்."

நம்பிப் போனார். நான் லியோகிட்ட சொல்லலை.

மண்ணு விழ விழ ரெண்டு தடவை இழுத்தான். நான் தூக்கலை, கயித்தைத் தளர்த்தி விட்டுப் பிடிச்சேன். மறுபடி இழுத்தான். அப்புறம் தலையைத் திருப்பிக் கரையைப் பார்த்தான். ரெத்தினம் அண்ணன் நிக்க வேண்டிய இடத்துல நான் நின்னேன், கையில கயித்தோட. அப்ப அவன் முகம் மாறிச்சே, அதுக்குத்தான் இன்னைக்குத் தியேட்டர்ல ஜனங்க தேம்பித் தேம்பி அழுவுறாங்க. எனக்கும் கண்ணு கலங்கிடுச்சு. சுத்தி நாப்பது பேரு நின்னோம். நடிப்புன்னுதான் எல்லாரும் நினைச்சாங்க. ரெண்டு நிமிஷத்துக்கு மேல கேமராவை ஓடவிட்டேன். கட் சொன்னப்போ கயித்துல அசைவில்லை.

கயிறு எங்கேயோ சிக்கிக்கிச்சுன்னு அன்னைக்கு முடிச்சுட்டாங்க. போன வாரம் படம் பார்த்துட்டு அவன் சம்சாரம் ரோஸ்லின், "இது நடிப்பில்லை, யாரையோ கூப்பிடறார்"னு உங்ககிட்ட புகார் கொடுத்தாங்க. நீங்க ரெத்தினம் அண்ணனைக் கூப்பிட்டீங்க. குரல் கொடுக்காம விட்டது என் தப்புதான்னு அவரே கையெழுத்துப் போட்டுட்டாராம், என் பேரைக்கூடச் சொல்லாம. நல்ல மனுஷன்.

நான் அதுக்காக வரலை மேடம். உங்க எஃப்.ஐ.ஆர்ல "கவனக்குறைவால் நேர்ந்த விபத்து"ன்னு இருக்கு. பேப்பர்லயும் அப்படியே வந்துடுச்சு. அந்த ஷாட் தற்செயலா அமைஞ்சதாம். படிச்சதுலேர்ந்து எனக்கு வயிறு எரியுது. அது விபத்தில்லை, நான் எடுத்தது. அதைத் தெளிவா எழுதிக்குங்க. லியோ இருந்தா அவனும் இதைத்தான் கேட்டிருப்பான்.