பேனல் ரூமின் காற்றுவழி

குரங்கணிக்கு மேலே ஆடி மாதச் சாரலில் துவைத்த துணி காயாது. கொடியில் கிடந்து நாற்றம்தான் எடுக்கும். அதனால் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் அடுப்பிலிருந்து தகரச் சட்டியில் கங்கு அள்ளி வந்து வீட்டுக்குள் வைத்துக்கொள்வோம். கதவை மட்டும் ஒருக்களித்து விட்டிருப்போம். மலையில் எல்லோரும் செய்வதுதான் சார்.

நான் ஜக்கையன். அந்த ஸ்டோரில் விறகு தள்ளிக் காய் உலர்த்துகிறவன். தலை நரைத்தது அந்த அடுப்பு முன்னால்தான். வாக்குமூலத்தை நீங்கள் எழுதி நான் கைநாட்டு வைத்தால் போதும் என்றீர்கள். எனக்கு எழுத வரும். எஸ்டேட்டில் பெரியவர்களுக்கு மாலை வகுப்பு நடந்தபோது கற்றேன். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டோரை ஒட்டினாற்போல் பேனல் ரூம். சூட்டைக் காய்களுக்கு ஓட்டுகிற பெரிய ஃபேன்களுக்கு அங்கிருந்துதான் கரண்டு. மலை மூடுகிற மஞ்சு, அந்தப் பனிப்புகை, உள்ளே புகுந்தால் பேனல் வியர்க்கும். வியர்த்தால் பிரேக்கர் விழும், ஃபேன் நிற்கும். அதற்காகப் பேனலுக்கு அடியில் சின்ன ஹீட்டர், சுவரில் கீழே ஒரு ஓட்டை, மேலே ஒரு ஓட்டை. கீழே நுழைகிற காற்று சூடாகி, ஈரத்தை எடுத்துக்கொண்டு மேலே போய்விடும். இதை எனக்குச் சொல்லித் தந்தவன் ஆபரேட்டர் அருள்பாண்டி. தேவாரம் ஊர்ப் பையன். கதவில் சாக்பீஸால் எழுதியும் வைத்தான்.

"படிங்கண்ணே, பாப்போம்."

"காற்...று...வழியை அடைக்காதே. உள்ளே கங்கு... வைக்காதே."

"அடேயப்பா! சின்னதுலயே படிச்சிருந்தா நீங்க இந்நேரம் தாசில்தாருண்ணே. வெறகு நான்ல தள்ளிக்கிட்டு இருப்பேன்."

நல்ல பையன்தான். நான் இல்லையென்று சொல்லவில்லை.

காய் எடை குறைகிறது என்று முதலாளிக்குச் சந்தேகம் வந்தது. ஆளைப் பார்க்குமுன் பையைப் பார்ப்பார். அருள்பாண்டியைக் காவல் இருக்கச் சொன்னார். அவன் ராத்திரி விழித்துவிட்டு, மத்தியானம் பேனல் ரூமில் கட்டில் போட்டுத் தூங்க ஆரம்பித்தான். என் மகள் ரோஜாவுக்குச் சிலமலையில் சம்பந்தம் பேசி முடித்திருந்த சமயம் அது. கல்யாணச் செலவு தலைக்கு மேல் நின்றது. ஒருநாள் அருள்பாண்டி என் தூக்குவாளியைத் திறந்து பார்த்தான். சோற்றுக்கு அடியில் காய் இருந்தது.

"கொட்டிட்டுப் போங்கண்ணே. நான் யார்ட்டயும் சொல்லல."

"இத எத்தன பேர்ட்டச் சொல்லிட்டு வந்து எங்கிட்டச் சொல்றே மாப்ளே?"

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்றுதான் அதன்பிறகு யோசித்துக்கொண்டிருந்தேன்.

என்னைக் கண்டால் போனில் குரலைத் தாழ்த்தினான். காய் எடுக்கிற பெண்கள் நான் வந்ததும் வேறு பேச்சு பேசினார்கள். சம்பந்தி ஜீப்பு ஏறி வந்தவர், கொடுத்த டீயைத் தொடாமல் இறங்கிப் போனார். திருடன் மகள் என்று ஒரு சொல் கீழே இறங்கினால் ரோஜாவின் கல்யாணம் அதோடு சரி. சந்தேகம் பொல்லாத குணம் சார். முதலாளிக்கு அது உண்டு. எனக்குக் கிடையாது. நான் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறேன்.

அந்த வாரம் ஹீட்டர் எரிந்துபோனது. "எதையாச்சும் பண்ணி ரூமக் காய வையிடா" என்று முதலாளி போனில் என்னிடம் கத்தினார். மத்தியானம் அருள்பாண்டி அசந்து தூங்கியதும் சட்டி நிறையக் கங்கு அள்ளி வந்து கட்டிலுக்கு அடியில் வைத்தேன். வேறு இடம் இல்லை. கீழ் ஓட்டை வழியாக மஞ்சு ஏறியது. நனைந்த சாக்கைத் திணித்தேன். கதவு காற்றில் அடித்தால் பையன் தூக்கம் கெடுமே என்று வெளிக்கொக்கியைப் போட்டேன்.

முதல் விசாரணையில், படிப்பில்லாத மலைக்காரன் தெரியாமல் செய்த தப்பு என்று நீங்களே எழுதிக்கொண்டீர்கள். கதவில் இருந்ததைப் படிக்கத் தெரியாது என்று நானும் சொன்னேன். அது பொய்.

நேற்று சம்பந்தி, கூட வேலை செய்த பையன் செத்துப்போனானே என்று என்னிடம் துக்கம் விசாரிக்க வந்தார். காய் விஷயம் அவர் காதுக்கே போகவில்லை. அன்றைக்கு டீயைத் தொடாதது சர்க்கரை வியாதியாலாம். அப்படியென்றால் அருள்பாண்டி யாரிடமும் சொல்லவில்லை. அவனை நான் தப்பாக நினைத்துவிட்டேன். அதை மட்டும் திருத்திவிடலாம் என்றுதான் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

மற்றபடி அவனைக் கொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. இருந்திருந்தால் மேல் ஓட்டையையும் முதலிலேயே அடைத்திருப்பேனே. அவன் விழித்துக் கதவைத் தட்டி, "அண்ணே, தல சுத்துது, வெரசாத் தொறங்கண்ணே" என்று அந்த ஓட்டை வழியாக என்னைக் கூப்பிட்ட பிறகுதான் அதை அடைத்தேன்.