டிபன் பாக்ஸுக்குள்ள மரச் சத்தம்

ஐயோ சார், அதை மட்டும் இழுக்காதீங்க! அந்தச் செவப்பு ஒயரு! வெடிக்காது சார், வெடிக்கிறதுக்கு உள்ள என்ன இருக்கு? பிஞ்சிரும், அவ்வளவுதான். பிஞ்சா ஈயம் வச்சுப் பத்த வைக்கிறதுக்கு இந்த போடிமெட்டு செக்போஸ்டுல நான் எங்க போவேன்?

இல்ல சார், ஒத்துக்கறேன். டிபன் பாக்ஸு, உள்ள பேட்டரி, மூடி மேல சுவிட்சு. பாத்தா எனக்கே திக்குன்னுதான் இருக்கு. வேற தகர டப்பா கிடைக்கல சார். எங்கம்மா காலையிலருந்து டிபன் பாக்ஸைக் காணோம்னு தேடிட்டு இருக்கு.

பேரு பிரின்ஸ் சார். போடி பஸ் ஸ்டாண்டு பக்கத்துல மொபைல் சர்வீஸ் கடை. ஜீப்புல எல்லாருக்கும் என்னையத் தெரியும், கேளுங்க. தங்கபாண்டி அண்ணே, சொல்லுங்கண்ணே! பாருங்க, டிரைவரு சிரிக்கிறாரு. மகாராணி அக்கா, நீ சும்மா இருக்கியா, குண்டு குண்டுன்னுட்டு? அது வெளையாட்டுக்குச் சொல்லுது சார். போன வாரம் அது போனுக்கு டிஸ்பிளே மாத்துனதுக்குக் காசைக் கொறைக்காம வாங்கிட்டேன், அந்தக் காண்டு.

பெடலு சார் இது. கிட்டாருக்குப் போடுறது, கால்ல மிதிக்கணும். இந்தச் சாக்குல சுத்தியிருக்கேன் பாருங்க, கரண்டு கிட்டாரு. இதோட சத்தம் டப்பாவுக்குள்ள போயி வெளிய வரும்போது மரக் கிட்டாரு மாதிரி வரும். பூப்பாறை சர்ச்சுல சாயங்காலம் அறுப்பின் பண்டிகை சார், பாட்டு ஆரம்பிக்கிறதுக்குள்ள இது அங்க போய்ச் சேரணும். அதான் இந்தப் பறப்பு பறக்குறேன்.

மரக் கிட்டாரையே கொண்டு போக வேண்டியதுதானேவா? அது... சொல்றேன் சார். மொதல்ல இது குண்டு இல்லன்னு வெளங்கிரட்டும்.

கல்யாணக் கச்சேரிக்கு வாசிப்பாரே பிரேம்சிங் அண்ணே, அவருகிட்ட இதே மாதிரி கம்பெனி பெடலு ஒண்ணு இருக்கு. விக்க மாட்டேன்னுட்டாரு. கால்ல கையில விழுந்து, பிரிச்சாவது பாத்துக்கறேன்ணேன்னு வாங்கிட்டு வந்தேன். ஒரு ஸ்க்ரூ கொறஞ்சாலும் உன் பல்லைப் பிடுங்கி முடுக்கிருவேன்னாரு. பிரிச்சா, முக்கியமான சிப்பு இருக்குல்ல, அது மேல இருந்த நம்பரைக் கம்பெனிக்காரன் தேச்சு அழிச்சு வச்சிருக்கான் சார்! எவனும் பாத்து செஞ்சிரக் கூடாதாம். எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு வெறி.

போர்டை முன்னாடி ஒரு போட்டோ, பின்னாடி ஒரு போட்டோ. மீட்டரை வச்சு எந்தக் கோடு எங்க போகுதுன்னு ஒவ்வொண்ணா தொட்டுத் தொட்டு வரைஞ்சேன். கடையில கஸ்டமரு கத்துறான், என் போன் எங்கடான்னு. அதைப் பாத்து நானா ஒரு போர்டு செஞ்சு பேட்டரியைப் போட்டா, புஸ்ஸுன்னு பொகை! என்னான்னா, பின்னாடி எடுத்த போட்டோவைத் திருப்பிப் போடாமயே வரைஞ்சிருக்கேன். கண்ணாடியில தெரியிற மாதிரி எல்லாமே எடம் வலமா மாறிக் கெடக்கு. எனக்கு நானே செருப்பைக் கழட்டி அடிச்சுக்கலாம் போல இருந்துச்சு. மறுபடி மொதல்லருந்து.

சிப்பு என்னான்னு தெரியலையா, சரி, அது என்ன சோலி பாக்குதுன்னு பாப்போம்னு போன்லருந்து கீச்சுச் சத்தத்துல இருந்து கும்முன்னு கேக்குற சத்தம் வரைக்கும் கம்பெனி பெடலுக்குள்ள விட்டேன். எது பெருசாகி வருது, எது அமுங்கி வருதுன்னு குறிச்சுக்கிட்டேன். ஏலக்காயைச் சல்லடையில போட்டுப் பிரிக்கிறோம்ல சார், அதே கதைதான். மூக்கால பேசுற மாதிரி நடுவுல ஒரு சத்தம் இருக்கு, அதைச் சலிச்சு எடுக்கணும். கம்பியில வெரலு உரசுற சத்தத்தைத் தூக்கணும். அடியில மரப்பொட்டியைத் தட்டுனா தொம்முன்னு வரும்ல, அதைக் கொஞ்சம் சேக்கணும். கண்ண மூடிக் கேட்டா பிரேம்சிங் அண்ணனாலயே எது கம்பெனி, எது டிபன் பாக்ஸுன்னு சொல்ல முடியல சார்!

வாசிச்சா? காட்டலாம் சார். காட்டலாமே. இந்த ஸ்பீக்கருலதான் சார்ஜு... இல்ல, இருக்கு. வரேண்ணே, ஆரனை அடிக்காதீங்கண்ணே! மாட்டிட்டேன் சார். இந்தா மிதிச்சாச்சு, லைட்டு எரியுதா? கேளுங்க... ம்ம்? மரமா இல்லையா? மறுபடி கேளுங்க.

பாட்டா? பாட்டு எதுக்கு சார், சத்தம்தான் கேட்டாச்சே... சார், எனக்கு வாசிக்கத் தெரியாது. சத்தியமா. கம்பியை இப்பிடித் தட்ட மட்டும்தான் தெரியும்.

வாசிக்கிறது எங்கக்கா. சோனியா. பூப்பாறைக்குக் கெட்டிக் குடுத்தது, எஸ்டேட்டு வேலை. சர்ச்சுல அவதான் கிட்டாரு. போன வருசம் ஏலச் செடியைக் கவாத்து வெட்டறப்ப கத்தி எடது கையில எறங்கிருச்சு. தச்சுட்டாங்க, வெரலெல்லாம் இருக்கு. ஆனா மரக் கிட்டாரு கம்பி கெட்டி சார், அமுக்க முடியல. கரண்டு கிட்டாருக்குக் கம்பி மெலிசு. பழசு ஒண்ணு வாங்கிக் கொண்டாந்து குடுத்தேன். அமுக்குறா சார்! நானே பாத்தேன். ஒரு பாட்டு பாதி வரைக்கும் போனா. அப்புறம் கீழ வச்சுட்டு, தகரத்துல ஆணி உரசுற மாதிரி இருக்குடா, இதை வச்சுட்டு சாமி முன்னாடி உக்காரவா, கொண்டு போயிருன்னுட்டா. அதுக்கப்புறம் பாடக்கூட போறதில்ல.

போனு பண்ணிராதீங்க சார்! அவளுக்குத் தெரியாது. பண்டிகைக்கு சர்ச்சுல போடுற அசனச் சோறு திங்கத்தான் வர்றேன்னு நெனச்சுட்டு இருக்கா.

மூடிரட்டுமா சார்? போகலாமா? ரொம்ப தேங்க்ஸ் சார். என்ன சார்? ...திரும்பி வரும்போதா? கண்டிப்பா சார். வாசிச்சாளா இல்லையான்னு எறங்கிச் சொல்லிட்டுத்தான் போவேன்.

தங்கபாண்டி அண்ணே, எடுங்கண்ணே, வெரசா! இல்ல இல்ல, வளைவுல மெதுவாண்ணே. அந்தச் செவப்பு ஒயரு லேசா ஆடுது.