சுவரில் சாய்ந்து உட்காரும் முறை

நாற்காலி இல்லாமல் உட்காருவதற்கும் ஒரு முறை இருக்கிறது. முதுகு முழுக்கச் சுவரில் படிய வேண்டும். தொடை தரைக்கு இணையாக, முழங்கால் கணுக்காலுக்கு நேர் மேலே. கையைத் தொடையில் ஊன்றினால் அது ஏமாற்று. எங்கள் அபார்ட்மென்டில் இதைப் பிசகில்லாமல் செய்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி, சொல்லிக்கொடுத்த பூர்ணா. இன்னொருத்தி போன மாதம் செத்துப்போன வேதா.

நான் செய்து பார்த்ததில்லை. எனக்கு ஓரிடத்தில் உட்காரவே வராது. மூன்றாவது மாடி பால்கனியில் துணி உலர்த்துகிற சாக்கில் நிற்பேன். அங்கிருந்து கேட் தெரியும், லிஃப்ட் தெரியும், எதிர் வீட்டுக்கு எந்தப் பார்சல் வருகிறது என்பதும் தெரியும். சிகந்தராபாத் மாரெட்பள்ளியில் என்னை நேரில் விஜி அக்கா என்பார்கள், முதுகுக்குப் பின்னால் ரேடியோ என்பார்கள். இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பேன்.

அதனால்தான் முப்பது நாள் உடற்பயிற்சிச் சவால் தொடங்கியபோது ஸ்டாப்வாட்சை என்னிடம் கொடுத்தார்கள். எடை கிடையாது, மெஷின் கிடையாது, அவரவர் உடம்புதான் எடை. சந்திரசேகரன் சாரின் தண்டாலில் மூக்கு மட்டும் இறங்கும், உடம்பு இறங்காது. அவருக்கு நான் ஒன்றுகூட எண்ணவில்லை. அபார்ட்மென்ட் சங்கத்தின் செயலாளர் என்றால் என்ன, ஃபார்ம் தப்பினால் தப்புதான். ‘ஆன்ட்டி ரொம்ப ஸ்ட்ரிக்ட்’ என்று பூர்ணா எல்லோரிடமும் சொன்னாள். எனக்குப் பிடித்திருந்தது.

வேதா என் எதிர் ஃபிளாட். அவள் கணவர் பத்ரி பாதுகாப்புத் துறையில் விஞ்ஞானியாக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் விசாகப்பட்டினத்தில் வேலையாக இருந்தபோது வேதாவுக்கு ஓயாத தலைவலி. ஸ்கேனுக்குத் துணைக்குப் போனது நான். மூளைக்குள் ஒரு ரத்தக் குழாயில் சின்ன வீக்கம் என்றார் டாக்டர். இப்போதைக்குப் பார்த்துக்கொள்ளலாம், மாத்திரை தவறக் கூடாது. நடக்கலாம், லேசான பயிற்சி செய்யலாம். மூச்சை அடக்கி முக்குகிற காரியம் மட்டும் எதுவும் கூடாது. இதை அவர் இரண்டு முறை சொன்னார். இரண்டு முறையும் நான் கேட்டேன்.

வீட்டுக்கு வெளியே யாரிடமும் சொல்லாதே என்று வேதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் சொல்லவில்லை. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. சில சேதிகளை உடனே செலவழிக்கக் கூடாது, பிறகு தேவைப்படும் என்று எடுத்து வைத்தேன். வேதா அதை நட்பு என்று எடுத்துக்கொண்டாள்.

சவாலில் அவள் சேர்ந்ததற்கு நான் காரணமில்லை. “மூணு வருஷமா எதைத் தொட்டாலும் பயந்துண்டே இருக்கேன் விஜி. இது வெறுமனே உக்கார்றதுதானே” என்று தானாகத்தான் பெயர் கொடுத்தாள். முதல் நாள் பூர்ணா, யாருக்காவது உடம்பில் தொந்தரவு உண்டா என்று கேட்டபோது வேதா என்னைப் பார்த்தாள். நான் ஸ்டாப்வாட்சைப் பார்த்தேன். பத்து நாள் அவள் நன்றாகவே செய்தாள். சுவரில் சாய்ந்து, வாயைக் குவித்து, நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டு ஒரு நிமிஷம். போதும் என்று எழுந்துவிடுவாள்.

பதினோராம் நாள் லிஃப்ட் வேலை செய்யவில்லை. மாடிப்படியில் என்னை நிறுத்தினாள்.

“விஜி, தப்பா நெனச்சுக்காதே. நேத்து கொண்டாப்பூர்ல பிந்துவைப் பார்த்தேன்.”

பிந்து என் மகள். புருஷனோடு சியாட்டிலில் இருக்கிறாள் என்பது அபார்ட்மென்ட் முழுவதும் அறிந்த விஷயம், அறிவித்தது நான். உண்மையில் அவள் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு வந்து எட்டு மாதமாக, இதே ஊரின் மறுகோடியில், கொண்டாப்பூரில் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் இருந்தாள். என் கணவர் பழனிசாமிக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரியாது. காலையில் போனில் பார்த்து, சியாட்டிலில் இன்றைக்கு மழை என்று கீழே போய்ச் சொல்வேன்.

“நான் யார்கிட்டயும் வாயைத் திறக்கமாட்டேன். அவர்கிட்டக்கூடச் சொல்லலை” என்றாள் வேதா.

இதை நீங்கள் நான் கேட்ட மாதிரி கேட்டுப் பார்க்க வேண்டும். இரண்டாவது மாடி சகுந்தலாவின் பெண் நித்யஸ்ரீ விவாகரத்தாகி வந்தபோது நான் மூன்று மாதம் பேசினேன். நான்காவது மாதம் சகுந்தலா ஃபிளாட்டை விற்றுக்கொண்டு குகட்பள்ளிக்குப் போய்விட்டாள். ஒரு சேதி என்னென்ன செய்யும் என்பது எனக்குத் தெரிந்த அளவுக்கு இங்கே வேறு யாருக்கும் தெரியாது. சொல்லாமல் வைத்திருக்கிறாள் என்றால் எதற்கோ வைத்திருக்கிறாள். நானும் அப்படித்தானே வைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. கீழே இரண்டு பேர் சிரித்தால் காய்கறி வாங்குகிற மாதிரி இறங்கிப் போவேன். வேதா யாரிடமாவது நின்று பேசினால் குப்பை கொட்டப் போவேன். ஒரே நாளில் நாலு தடவை குப்பை. பழனிசாமி, குப்பை ஏது என்று கேட்டார். அடுப்பில் வைத்த பாலை மறந்து வாசல் கண்ணாடித் துளையில் கண்ணை வைத்து நின்றிருக்கிறேன். அவள் வீட்டுக் கதவு திறக்கும்போதெல்லாம் இன்றைக்குத்தான் என்று நினைப்பேன். நாள் போய்க்கொண்டே இருந்தது, ஒன்றும் வெளியே வரவில்லை. வந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பதினைந்தாம் நாளிலிருந்து மத்தியானம் மொட்டை மாடியில் அவளுக்குத் தனியாகப் பயிற்சி கொடுத்தேன். நீ ஜெயிக்கலாம் வேதா என்றேன். ஒரு நிமிஷம் தாண்டினால் தொடை உதறும். உதறும்போது மூச்சை உள்ளே இழுத்து அடக்கு, வயிற்றை இறுக்கு, பல்லைக் கடி, நடுக்கம் நிற்கும் என்று சொல்லிக்கொடுத்தேன். நிஜமாகவே நின்றது.

“டாக்டர் மூச்சை அடக்கப்படாதுன்னாரே” என்றாள்.

“அது வெயிட் தூக்கறவங்களுக்கு. நீ சும்மா உக்காரறே. கைக்கு பயப்படறே?”

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக சிகந்தராபாத். யாரையாவது தட்டிக்கொடுக்கும்போது, ‘எதுக்கு’ என்பதற்குக் ‘கைக்கு’ என்கிற இந்த உருதுச் சொல் தானாக வந்துவிடும். அவள் சிரித்தாள். இரண்டு நிமிஷம் உட்கார்ந்தாள். முகம் செம்பருத்தி மாதிரி ஆகிவிட்டது. கொல்ல நினைக்கவில்லை என்று நான் சொன்னால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். அதனால் அதைச் சொல்லவில்லை.

முப்பதாம் நாள் காலை ஏழு மணி. பார்க்கிங் சுவரோரம் ஆறு பேர் வரிசையாக உட்கார்ந்தார்கள். வேதா இந்தக் கோடியில், என் பக்கத்தில். பூர்ணா வரிசை நெடுக நடந்து, “ஊபிரி தீஸுகோண்டி” என்று ஒவ்வொருவரையும் மூச்சு விடச் சொல்லிக்கொண்டு வந்தாள். நான் அவளைக் கூப்பிட்டு, அந்தக் கோடியில் சந்திரசேகரன் சாரின் முழங்கால் கால்விரலைத் தாண்டி நிற்கிறது, போய்ப் பார் என்றேன். பொய்யில்லை, தாண்டித்தான் நின்றது. அவள் அங்கே போனாள்.

ஒரு நிமிஷத்தில் இரண்டு பேர் எழுந்தார்கள். வேதாவின் தொடை உதறியது. என்னைப் பார்த்தாள். நான் என் வாயை மூடிக் கன்னத்தை உப்பிக் காட்டினேன். அப்படியே செய்தாள். நல்ல மாணவி. இரண்டரை நிமிஷத்தில் அவள் மட்டும்தான் மிச்சம். எல்லோரும் கை தட்டினார்கள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள் தலையைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் சரிந்தாள்.

ஆஸ்பத்திரியில் மறுநாள் சாயங்காலம் முடிந்தது. அந்த வீக்கம் என்றைக்கு வேண்டுமானாலும் வெடித்திருக்கும் என்று டாக்டர் பத்ரியிடம் சொன்னாராம். பத்ரி அதை என்னிடம் சொல்லி, மூன்று வருஷம் கூடவே இருந்தீர்களே என்று நன்றி சொன்னார். பூர்ணாதான் அழுதுகொண்டே இருக்கிறாள். தான் சரியாகக் கவனிக்கவில்லையாம். வகுப்பையே விட்டுவிட்டாள்.

வேதாவின் பதின்மூன்றாம் நாள் காரியத்துக்குப் பிந்து வந்தாள். நான் கூப்பிடவில்லை. எல்லோரும் பார்க்க கேட் வழியாக நடந்து வந்தாள். கொண்டாப்பூரில் அன்றைக்கு வேதா ஆன்ட்டி தன்னை ஒன்றுமே கேட்கவில்லை, சாப்பிட்டாயா என்று மட்டும்தான் கேட்டாள் என்று பாதி தெலுங்கில் பாதி இங்கிலீஷில் சொல்லி அழுதாள். பத்ரி நிமிர்ந்து பார்த்தார்.

“பிந்துவா? அமெரிக்காலேர்ந்து எப்பம்மா வந்தே?”

அவருக்குத் தெரியவில்லை. வேதா அவரிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை.

பிந்துவைப் பற்றி அபார்ட்மென்டில் இரண்டு நாள் பேசினார்கள். மூன்றாம் நாள் போர்வெல் மோட்டார் எரிந்தது, அதைப் பேசப் போய்விட்டார்கள். நான்தான் இன்னும் இறங்கி ஏறிக்கொண்டிருக்கிறேன். இத்தனை பெரிய சேதியை வைத்துக்கொண்டு எத்தனை நாள் துணி உலர்த்துவது. அதனால் சொல்கிறேன்: வேதாவைக் கொன்றது நான்.

போன ஞாயிறு சங்கத்தில் வேதா பெயரை ஒரு பலகையில் போட்டுப் பார்க்கிங் சுவரில் மாட்டுவது என்று முடிவானது. எவ்வளவு நேரம் உட்கார்ந்தாள் என்று கேட்டார்கள். ஸ்டாப்வாட்சில் இரண்டு நிமிஷம் நாற்பத்தொரு விநாடி. நான் முப்பத்தெட்டு என்று எழுதிக் கொடுத்தேன். கடைசி மூன்று விநாடி அவள் முதுகு சுவரில் இல்லை. செத்தவள் என்பதற்காக அதை எண்ண முடியுமா? எண்ணிக்கையில் நான் யாருக்கும் அநியாயம் செய்ததில்லை.