தலைவலிக்கு ஐந்து குத்து

வீட்டில் யாருக்குத் தலைவலி வந்தாலும் எனக்குப் பொறுக்காது, ஆன்மேரி. நீ கேட்டதால் சொல்கிறேன்.

நான் தோல் டாக்டர். நம் அத்தை ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. திருநகர் வீட்டில் பத்து வருடம் ஒன்றாக இருந்தோம். அவர் யாரையும் அதட்டியதில்லை. இரண்டு புருவமும் நெரிந்து மூக்கை நோக்கி இறங்கும், அவ்வளவுதான். அறுநூறு பிள்ளைகளை அடக்கிய புருவம். என் வீட்டுக்காரர் கிருபாகரன் அதைக் கண்டால் இன்றும் டிவியை அணைத்துவிடுவார். என்னிடம் மட்டும் வாயும் பேசும். “டாக்டரம்மா, கொழம்புக்கு உப்பையும் ஊசியிலதான் போடுவியோ?”

மாமாவை அடக்கம் செய்த அன்று அத்தை சொல்லியிருந்தார்: “சின்னவன் ஜெர்சனுக்குக் கல்யாணம் முடிஞ்சதும் அவன்கூடப் போயிருவேன்.” சொன்னாரே தவிர, போக மனமில்லை. ஐந்து வீடுகளில் பெண் பார்த்தோம். நம் ஆட்கள் வழக்கம் உனக்குத் தெரியும். இரு பக்கமும் பிடித்தால் பெண்ணின் அப்பா எழுந்து ஜெபம் செய்வார். ஆமென் சொல்லிவிட்டால் பேச்சு மாறக்கூடாது. ஐந்து அப்பாக்களும் அத்தையின் முகத்தைப் பார்த்துவிட்டு மிக்சர் தட்டை இன்னொரு முறை நீட்டினார்கள். யாரும் எழவில்லை. கர்த்தருக்குச் சித்தமில்லை என்பார் அத்தை.

உன்னைப் பெண் பார்க்க வருவதற்குப் பதினைந்து நாள் முன்பு அவருக்குத் தலைவலி. கிளினிக்கில் படுக்கவைத்து, புருவங்களுக்கு நடுவே ஐந்து குத்து போட்டேன். தலைவலிக்கு என்றேன்.

அது தசையைத் தளர்த்தும் மருந்து. சென்னையிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்தது. புருவத்தைக் கீழே இழுக்கும் தசைகள் அங்கேதான் இருக்கின்றன. அவை ஓய்ந்தால், மேலே இழுக்கும் நெற்றித் தசையைத் தடுக்க ஆளில்லை. புருவம் சற்று ஏறும், ஒன்றிரண்டு மில்லிமீட்டர். மருந்து நெற்றிக்குப் பரவினால் கதை மாறி, புருவம் இறங்கிவிடும். பரவவிடவில்லை. அவ்வளவு கவனமாக நான் யாருக்கும் போட்டதில்லை.

உன் வீட்டில் அன்று நீ காபியோடு வந்தாய். அத்தை நெரிக்கப் பார்த்தார். காது அசைந்தது. புருவம் மட்டும் இறங்காமல், பரிசு வாங்கிய பிள்ளைக்கு நிற்பதுபோல நின்றது.

“அம்மா மொகத்தப் பாருங்க, எம்புட்டு சந்தோசம். ஜெபம் பண்ணிருவோம்” என்று உன் அப்பா எழுந்தார்.

முப்பது வருடம் பள்ளியில் காலை ஜெபம் நடத்திய வாய் அத்தைக்கு. எல்லோருக்கும் முந்தி அதுதான் ஆமென் என்றது.

காரில் அத்தை கேட்டார்: “நான் எங்கடி சிரிச்சேன்?”

“சிரிக்கல அத்தே. மொகம் மலர்ந்துச்சு.”

மருந்து மூன்று நான்கு மாதம்தான் தாங்கும். உங்களோடு விளாங்குடிக்கு வந்த பிறகு அவர் முகம் மாறியது அதனால்தான். உன் சமையலால் இல்லை. “பொண்ணு பாக்க வந்தப்ப அம்புட்டு ஆசையாப் பாத்தாங்களேக்கா” என்று அழுகிறாய். அந்த ஆசை என்னுடையது.

இதில் யாருக்கும் கெடுதல் இல்லை. உனக்கு நல்ல கணவன். எனக்கு நிம்மதி. அத்தைக்குத் தலைவலியும் போனது, அவரே சொன்னார்.

இப்போது கிளினிக்குக்கு வெளியே பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறார். திருநகருக்கே திரும்பி வருகிறாராம். கூப்பிடு. தலைவலி ஊசி என்று சொல். இனி நான்கு மாதத்துக்கு ஒரு முறை நீயே அழைத்து வா.

ஏன் அப்படிப் பார்க்கிறாய்? புருவங்களுக்கு நடுவே அத்தைக்கு விழும் அதே இரண்டு கோடு உனக்கும் விழுகிறது. தலைவலிதான், ஆன்மேரி. முதலில் நீ படுத்துக்கொள்.