நாலாம் நம்பர் கோழி

வெங்காயம் உரித்தால் கண்ணில் நீர் வரும் என்று என் புத்தகங்களில் பல இடங்களில் எழுதியிருக்கிறேன். அது உண்மைதான் என்று போன மாதம்தான் தெரிந்தது.

நீங்கள் சிரிக்கவில்லை; பரவாயில்லை, அதிகாரி அவர்களே. மேஜைமேல் வைத்திருக்கிற அந்தப் பிளாஸ்டிக் பையை மட்டும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதற்கு வருவோம். எதையும் அதனதன் பதத்தில்தான் இறக்க வேண்டும், அவசரப்பட்டால் அடிப்பிடிக்கும். இதுவும் என் புத்தகத்தில் இருக்கிறது.

என்னைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ‘அடுப்படிக்குத் திரும்புவோம்’ இயக்கத்தின் நிறுவனரும் தலைவரும் நான். போக்குவரத்து அலுவலகத்தில் முத்திரை குத்திக்கொண்டிருந்தவன் ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுதப் போய், கடிதம் கட்டுரையாகி, கட்டுரை மேடையாகி, மேடை மாலையாகிவிட்டது. ஜனங்கள் எனக்கு ‘நாக்கு ஐயா’ என்று பெயர் வைத்தார்கள். அதை நானாக வைத்துக்கொள்ளவில்லை. முகவரி அட்டையில் அச்சடித்துக்கொண்டது மட்டும்தான் நான்.

என் கொள்கை எளிமையானது. கடையில் உறையவைத்து விற்கிறார்களே பெட்டிச் சாப்பாடு, மூடியைக் கிழித்து மைக்ரோவேவுக்குள் தள்ளினால் ‘டிங்’ என்று கூப்பிடுமே, அதுதான் இன்றைய குடும்பங்களைப் பிடித்த பீடை. காயை நறுக்கி, மசாலாவைக் கையால் அரைத்து, அடுப்பருகே நின்று கிளறினால்தான் அது உணவு. ‘பெட்டிச் சாப்பாடு பிணம், அடுப்புச் சாப்பாடு உயிர்’ என்பது நான் எழுதிய வாசகம். சுவர்களில் பார்த்திருப்பீர்கள். யார் நறுக்குவது, யார் அரைப்பது, யார் நிற்பது என்று பின்வரிசையிலிருந்து சில பெண்கள் கேட்பார்கள். அன்புள்ளவர்கள் நிற்பார்கள் என்பேன். கைதட்டல் வரும். முன்வரிசையிலிருந்து.

பேச்சின் முடிவில் நாக்கை விரலால் தொட்டுக் காட்டுவேன். “கல்யாணமான நாளிலிருந்து இந்த நாக்கில் பெட்டிச் சாப்பாடு பட்டதில்லை. ஒரு துளி வைத்தால் போதும், வீட்டுக் கையா கடைச் சரக்கா என்று சொல்லிவிடும். அந்தப் புண்ணியம் அதோ உட்கார்ந்திருக்கிறவளுடையது” என்று என் மனைவியைக் காட்டுவேன். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அவள் தன் செருப்பைப் பார்ப்பாள். அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்கட்டில் வேலை செய்தாள். கண்ணாடி வில்லைகளை மயிரிழை பிசகாமல் தேய்க்கிற வேலை. காலையில் போனால் சாயங்காலம் வருவாள். வந்ததும் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொள்வாள். சமைக்கும்போது ஆள் வந்தால் கவனம் சிதறும் என்றாள். அதுவும் நியாயம் என்று பட்டது. ஆண்கள் அடுப்படிக்குள் நுழைந்து பெண்களின் தவத்தைக் கலைக்கக் கூடாது என்று ஒரு அத்தியாயமே எழுதினேன்.

சந்தேகம் என் சுபாவம் அல்ல. அதை எனக்குள் போட்டவள் கீழ்வீட்டுத் தையற்காரி. ஒருநாள் படிக்கட்டில் என்னை நிறுத்தினாள்.

“ரேடியோவுல உங்க பேச்சு கேட்டேன் சார். ரொம்ப நல்லா இருந்துச்சு. ஆனா ஒரு சந்தேகம். உங்க வீட்டுல சமைக்கிற வாசனையெல்லாம் எங்க போகுது? என் ஜன்னல் உங்க அடுப்படிக்கு நேர் கீழ. ஒரு தாளிப்பு வாசனை வந்ததில்ல. ‘டிங்’னு ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான்.”

கைதேர்ந்தவர்கள் சமைத்தால் வாசனை உணவுக்குள்ளேயே தங்கிவிடும், காற்றில் வீணாகாது என்று விளக்கினேன். “ஓ, அப்படியா சார்” என்று கையிலிருந்த நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அந்தக் கடியில் ஏதோ இருந்தது.

அதற்குப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கியது, மனசு இறங்கவில்லை. அவள் வேலைக்குப் போயிருந்தபோது அடுப்படிக்குள் போய்ப் பார்த்தேன். கத்தி கடையில் வாங்கிய மெருகு குலையாமல் இருந்தது. அரைக்கிற கல்லின் குழியில் சிலந்தி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. குப்பைக்கூடையைக் கவிழ்த்தேன். சமைக்கிற வீட்டுக் குப்பையில் தோல் இருக்கும், காம்பு இருக்கும். ஒன்றும் இல்லை. பெட்டிகளும் இல்லை, அவற்றை அவள் வேலைக்குப் போகிற வழியில் எங்கோ போட்டுவிட்டுப் போயிருக்கிறாள் என்பது பிற்பாடு தெரிந்தது. அலமாரியின் அடித்தட்டில் சதுரமாக எதையோ துணி போர்த்தி வைத்து, அதன் தலையில் எனக்கு இயக்கம் கொடுத்த கேடயத்தை நிறுத்தியிருந்தாள். கேடயத்துக்கு நல்ல இடம் கொடுத்திருக்கிறாளே என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன். துணியைத் தூக்கிப் பார்க்கத் தோன்றவில்லை.

உங்களிடம் மறைப்பதற்கில்லை. முதலில் வேறொரு ஆள் இருக்கிறானோ என்றுதான் சந்தேகப்பட்டேன். சமைக்காத மனைவி அந்த நேரத்தை எங்கே செலவழிக்கிறாள்? பின்சந்தில் அடிக்கடி ஒரு வெள்ளை வேன் நிற்பதையும் கவனித்தேன். ஒருநாள் கூட்டம் நடக்கவிருந்த மண்டபத்தில் மின்சாரம் போய்விட, சீக்கிரம் திரும்பினேன். வேன் நின்றது. பின்படிக்கட்டு வழியாகச் சத்தமில்லாமல் ஏறினேன். அடுப்படியில் ஆண் குரல், சிரிப்பு.

என் மச்சினன்தான். அவளுடைய தம்பி. உறைந்த சாப்பாட்டுக் கம்பெனியின் வேன் ஓட்டுகிறவன்.

“போன வாரம் எந்தப் பெட்டி பிடிச்சுதாம் அத்தானுக்கு?”

“நாலாம் நம்பர் கோழிதான்டா. ஒரு வாய் வச்சாரு, ‘என் அம்மாவோட கைமணம்’னு கண்ணு கலங்கிட்டாரு.”

“அக்கா, அந்தக் கோழியை மெஷின்தான் அறுக்குது, மெஷின்தான் கிளறுது. அந்த மெஷின் அத்தானுக்கு அம்மான்னா, எனக்கு மாமி முறையாச்சே.”

அவள் சிரிக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். “விடுடா. அவர் நாக்குக்குத் தெரிஞ்ச ருசி ஒண்ணே ஒண்ணுதான். அவர் பேச்சோட ருசி” என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரலில் கோபம் இல்லை. மழை வருகிறது, துணியை எடு என்று சொல்கிற குரல்.

எனக்கு ஆத்திரம் வந்ததா என்று கேட்கிறீர்கள். இல்லை. ஏமாற்றம் என்று எழுதிக்கொள்ளுங்கள். வேறொரு ஆணாக இருந்திருந்தால் மன்னித்திருப்பேன்.

வந்த வழியே இறங்கி, தெருவைச் சுற்றி, முன்வாசல் வழியாக இருமிக்கொண்டே நுழைந்தேன். அன்றும் நாலாம் நம்பர்தான் வைத்தாள். அருவருப்போடு விழுங்குவது என்று தீர்மானித்து உட்கார்ந்தேன். இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அவள்மேல் எனக்குத் தீராத மனக்குறை என்றால் அதுதான்.

அப்போதுகூட நான் ஒன்றும் செய்யவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள். நானும் பூசணிக்காயைப் பார்க்காதவன்போலச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு காலம் தள்ளியிருப்பேன். இயக்கத்தின் ஆண்டு விழா வந்து கெடுத்தது. சிறந்த இல்லத்தரசிக்கு ‘அன்னக்கரம்’ விருது கொடுப்பது என்றும், முதல் விருது தலைவரின் மனைவிக்கு என்றும் செயற்குழு முடிவு செய்தது. செயற்குழுவில் பெரும்பான்மை நான். விருது வாங்குகிறவர் மேடையில் இரண்டு வார்த்தை பேச வேண்டும், பத்திரிகைக்காரர்கள் வருவார்கள்.

அவளிடம் சொன்னேன். கையிலிருந்த துணியை மடித்து வைத்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

“எனக்கு அது வேண்டாங்க.”

ஏன் என்று கேட்டேன். எனக்குத் தெரியாததுபோலத்தான் கேட்டேன்.

“நான் சமைக்கிறதில்லைங்க. பெட்டிதான் வாங்கறேன், ரொம்ப வருஷமா. மொத வருஷம் பூரா சமைச்சேன். நாள் முழுக்கக் கண்ணாடி தேய்ச்சுட்டு வந்து, உரிச்சு, நறுக்கி, அரைச்சு, விடியறதுக்கு முன்னாடி எழுந்து மறுபடியும். நீங்க ஒரு நாளும் நல்லா இருக்குன்னு சொன்னதில்ல. உப்பு, காரம், பதம், ஏதாவது ஒண்ணு குறை. ஒரு நாள் காய்ச்சல், முடியல. தம்பி ஒரு பெட்டி குடுத்தான். அன்னிக்குத்தான் மொத தடவையா, ‘இப்பதான் உனக்குச் சமைக்க வந்திருக்கு’ன்னு சொன்னீங்க.”

அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. நான் பொதுவாகவே பாராட்டுகிறவன்.

“நான் யார்கிட்டயும் சொல்லலை, சொல்லவும் மாட்டேன். ஆனா மேடையில ஏத்தி, மைக்கைக் கையில குடுத்தீங்கன்னா, எனக்குப் பொய் வராதுங்க. உடம்பு சரியில்லைன்னு சொல்லிடுங்க. வேற யாருக்காவது குடுத்துடுங்க.”

அழைப்பிதழ் அச்சாகிவிட்டது என்றேன். அப்படியானால் உண்மையைத்தான் சொல்ல வேண்டியிருக்கும் என்றாள். மிரட்டல் இல்லை. வில்லை தேய்க்கிற கை, பிசகாது. நான் அவள் கண்ணைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

நிதானமாக யோசித்தேன். ஒரு தட்டில் ஒரு பெண்; இன்னொரு தட்டில் என்னை நம்பி அடுப்படிக்குத் திரும்பிய ஆயிரக்கணக்கான குடும்பங்கள். அவர்களெல்லாம் ஒரே நாளில் பெட்டிக்கு ஓடிவிடுவார்கள். யாராக இருந்தாலும் என்ன செய்வார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை நான் சமைக்கிறேன் என்றேன். அவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். “நிஜமாவா?” என்றாள். அந்தப் பார்வையில் சந்தேகம் இருந்தது. அதற்குள்ளே, எப்படிச் சொல்வது, ஒரு ஆசையும் இருந்தது. ஆசைதான் ஜெயித்தது.

சந்தைக்குப் போனேன். கோழி, கிழங்கு, வெங்காயம், கீரை. எல்லாம் நானே. வெங்காயம் உரித்தபோது கண் எரிந்ததைச் சொன்னேன். கிழங்கைச் சீவும்போது அவள் நிலைப்படியில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “தோலோட பாதிக் கிழங்கும் போகுதுங்க. கத்தியைப் படுக்க வச்சுப் பிடிங்க” என்று சொல்லிக்கொடுத்தாள். சிலந்தியை அப்புறப்படுத்திவிட்டுக் கல்லில் அரைத்தேன். கை கொப்புளித்தது. இத்தனை சிரமமா இது என்று வியந்தேன். அடுத்த பதிப்பில் ஒரு அடிக்குறிப்பு சேர்க்க வேண்டும்.

சமைத்து முடித்ததும் அவளை உட்காரச் சொல்லி நானே பரிமாறினேன். “நீங்க சாப்பிடலையா?” என்று கேட்டாள். ருசி பார்த்துப் பார்த்தே வயிறு நிறைந்துவிட்டது என்றேன். ஒரு வாய் வைத்தாள். என்னைப் பார்த்தாள். இன்னொரு வாய் வைத்தாள்.

“எனக்குன்னு ஒருத்தர் அடுப்புகிட்ட நின்னு சமைச்சுப் போட்டது இதுதாங்க மொத தடவை” என்றாள். “உப்பு மட்டும் கொஞ்சம் கூட.”

தட்டை வழித்துச் சாப்பிட்டாள். சாப்பாட்டை வீணாக்காத பெண். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மருத்துவரைக் கூப்பிடச் சொன்னாள். எனக்குக் கைவைத்தியத்தில் நம்பிக்கை அதிகம். இஞ்சி தட்டி வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். மறுபடி கேட்டாள். மறுபடி வைத்துக் கொடுத்தேன். விடியும்வரை பக்கத்திலேயே இருந்தேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை கணவர்கள் இருப்பார்கள்?

ஆண்டு விழா நினைவுக் கூட்டமாயிற்று. மண்டபம் கொள்ளவில்லை. விருதை அவள் படத்தின் முன்னால் வைத்தேன். கடைசி மூச்சுவரை அடுப்படியில் நின்றவள், தன் கையால் சமைத்ததைச் சாப்பிட்டாள், சந்தைக் கீரையில் ஏதோ விஷம் இருந்திருக்கிறது என்று பேசினேன். எல்லோரும் அழுதார்கள். உங்களிடமும் முதலில் அதையேதான் சொன்னேன்.

மச்சினன் அழவில்லை. பின்வரிசையில் நின்றபடி, “அக்கா சமைச்சாளா?” என்று மட்டும் கேட்டான். பக்கத்திலிருந்த தையற்காரி அவனைத் திரும்பிப் பார்த்தாள். நாடே நம்பியதை நம்பாத இருவர் அங்கே சேர்ந்து நின்றிருந்தார்கள். என் நேரம்.

அவன் நேராக என் குப்பைக்கூடைக்கு வந்திருக்கிறான். இப்போது அந்தப் பையை இந்தப் பக்கம் தள்ளலாம். ஆமாம், அன்றைய கிழங்குத் தோல்தான். காய்ந்து சுருங்கிய பிறகும் விரல் தடிமன் இருக்கிறது. மயிரிழை பார்த்துத் தேய்க்கிறவள் இப்படிச் சீவுவாளா என்று அவன் கேட்டானாம். நியாயமான கேள்வி. அவள் சொன்னபடி கத்தியைப் படுக்க வைத்துப் பிடித்திருக்க வேண்டும்.

சரி, நீங்கள் கேட்கிற வரியையும் சொல்லிவிடுகிறேன், எழுதிக்கொள்ளுங்கள். அன்று நான் எல்லாவற்றையும் என் கையாலேயே செய்தேன். நறுக்கியது, அரைத்தது, கிளறியது, எல்லாம். பாக்கெட்டிலிருந்து போட்டது ஒன்றே ஒன்றுதான்: எலிக்கென்று வாங்கி வைத்திருந்த பொடி. அதைக் கையால் தயாரிக்க எனக்குத் தெரியாது. ஒன்றுக்காக மொத்தச் சமையலையும் பாக்கெட் சமையல் என்று எழுதிவிடாதீர்கள்.

அடுத்த அறையில் ‘டிங்’ என்று ஏதோ சத்தம். உங்கள் கடிகாரமாக இருக்கும். இதோ, காவலர் எனக்கும் ஒரு தட்டு கொண்டுவருகிறார். நான் கண்ட இடத்தில் சாப்பிடுகிறவன் அல்ல. என் நிபந்தனையைச் சிறையதிகாரிகளுக்கும் தெரிவித்துவிடுங்கள்: பெட்டிச் சாப்பாடு இந்த நாக்கில் படக் கூடாது.

கோழியா? ஒரு வாய் பார்க்கிறேன்.

மன்னிக்க வேண்டும், கண் கலங்குகிறது. காவலரின் மனைவி காலையிலேயே எழுந்து, அடுப்பருகே நின்று செய்திருக்கிறாள். சந்தேகமே இல்லை. அப்படியே என் அம்மாவின் கைமணம்.