கல்லீரலை யாரும் கேட்கவில்லை

எலியை வாலைப் பிடித்துத் தூக்குகிறவர்களை நான் வேலைக்குச் சேர்த்துக்கொள்வதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் காலையில் வந்த உங்கள் இளைய அதிகாரி என்னை இரக்கமில்லாதவள் என்று முடிவு கட்டிக்கொண்டு போய்விட்டார். எலியின் கழுத்துக்குப் பின்னால் பதமாகக் கை கொடுத்து, அது அடங்கும் வரை காத்திருந்து, பிறகுதான் வாய்க்குள் மருந்துக் குழாயை விட வேண்டும். பயந்துபோன எலியின் ரத்தத்தில் வேண்டாத சுரப்பெல்லாம் கலந்து முடிவைக் கெடுத்துவிடும். எங்கள் வேலைக்கு அன்பு அவசியம்.

நாட்டு மூலிகைகளில் எது பெண் ஹார்மோன் போல நடந்துகொள்கிறது என்று பார்ப்பதுதான் எங்கள் ஆய்வகத்தின் வேலை. இளம் பெண் எலியின் சினைப்பைகளை எடுத்துவிடுவோம். அதற்குப் பிறகு அதன் உடம்பில் சொந்த ஹார்மோன் என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இருக்காது. ஒரு வாரம் மூலிகைச் சாறு கொடுப்போம். அப்புறம் வலியில்லாமல் முடித்து, கருப்பையை எடுத்து, வடிதாளில் ஒற்றித் தராசில் வைப்போம். கனத்திருந்தால் மூலிகை வேலை செய்கிறது என்று அர்த்தம். மிச்ச எலி கழிவுக்கான மஞ்சள் பைக்குள் போய்விடும். கேள்வி கருப்பையைப் பற்றியது, ஆகவே வேறெதையும் திறந்து பார்த்து நேரத்தை வீணாக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை.

வேலியோரம் படரும் ஒரு கொடி இருக்கிறது. பெயரைச் சொல்ல மாட்டேன், நாளைக்கே யாராவது பறிக்கக் கிளம்பிவிடுவார்கள். அதன் சாற்றைக் கொடுத்த எலிகளின் கருப்பை பூரித்துப் போயிருந்தது. சினைப்பை எடுக்காத முழு எலிகளுக்குக் கொடுத்தபோது இணை சேர்ந்த பிறகும் கரு தங்கவில்லை. அளவைக் கூட்டினால் தங்கிய கருவும் கலைந்தது. இவ்வளவு சுத்தமான முடிவு எங்கள் துறையில் எப்போதாவதுதான் வாய்க்கும். இயக்குநர் என் கையைக் குலுக்கினார், சாதாரணமாக அவர் யார் கையையும் குலுக்குகிறவர் இல்லை.

இப்போது தங்கையைப் பற்றி. நான் அவளைப் பொடிசு என்றுதான் கூப்பிடுவேன். அவள் தவழ்ந்துகொண்டிருந்தபோது அம்மா போனாள், அப்பாவும் ரொம்ப நாள் தாங்கவில்லை. குளிப்பாட்டியது, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது, காய்ச்சலுக்குக் கண்விழித்தது எல்லாம் நான். எனக்கு வந்த வரன்களைத் தட்டிக்கழித்ததும் அவளுக்காகத்தான். உறவுக்காரர்கள் அதைத் தியாகம் என்பார்கள். நான் மறுத்துப் பேசியதில்லை.

அவளுக்கு ஒரு கணக்கு வாத்தியாரைப் பார்த்துக் கட்டிவைத்தேன். மாடியில் குடியிருக்க வேண்டும் என்பது என் ஒரே நிபந்தனை. மாப்பிள்ளை நல்ல மனிதர், குறை சொல்ல வாய்ப்பே தராத அந்த மாதிரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர்தான் அந்தப் பேச்சை எடுத்தார்.

"ஒரு குழந்தைன்னு வந்துட்டா எங்க அம்மா வீட்டுப் பக்கமே போயிடலாம்னு இருக்கோம் அண்ணி. பாத்துக்க ஆள் வேணும்ல."

"ஏன், நான் இல்லையா?"

"உங்களுக்கு எலிக்குட்டிங்களைப் பாக்கவே நேரம் பத்தல. எங்க குட்டியையும் கூண்டுல போட்டுட்டீங்கன்னா?"

பொடிசு புரையேறும் அளவுக்குச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பாதிச் சோற்றோடு என் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன்.

மருந்தை நானாக அவளிடம் திணித்ததாக நினைக்காதீர்கள். கல்யாணமாகிச் சில மாதம் கழித்து அவளே வந்து கேட்டாள். "அக்கா, உங்க லேப்ல எத்தனையோ மூலிகை இருக்கே, குழந்தை தங்கறதுக்கு ஏதாவது இருக்கா?"

"இருக்கு" என்றேன். "ஆனா கசக்கும்."

"கசந்தா என்ன, நீ குடுத்தா குடிக்கிறேன்."

கசப்புத் தெரியாமலிருக்க அந்தக் கொடிச் சாற்றில் இஞ்சியும் தேனும் சேர்த்தேன். யாரிடமும் சொல்லிக்கொள்ள வேண்டாம், ஆய்வகச் சரக்கு வெளியே வந்தது தெரிந்தால் என் வேலைக்கு ஆபத்து என்று மட்டும் சொல்லிவைத்தேன். அது பொய்யில்லை. காலையில் நான் கிளம்புமுன் அவள் கீழே இறங்கி வந்து, மடக்கென்று குடித்துவிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி நாக்கை நீட்டிக் காட்டுவாள்.

மாதாமாதம் அவள் ஏமாந்துபோகும்போது என் மடியில் தலைவைத்து அழுவாள். நான் முதுகைத் தடவிக்கொடுப்பேன். கல்யாணத்துக்கு முன் இருந்த மாதிரியே இருக்கும். எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது, அதை நீங்கள் நம்ப வேண்டும். அவள் உடம்பு பிள்ளைப்பேறு தாங்கும் உடம்பில்லை என்று எனக்கு அப்போதே தோன்றியிருந்தது. எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லைதான். அவர்கள் அவளை வளர்த்தவர்கள் இல்லையே.

ஒரு நாள் படியில் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "அக்கா, உன் மருந்து வேலை செஞ்சிடுச்சு. நாள் தள்ளிப்போச்சு, டெஸ்ட்டும் பண்ணிட்டேன்."

மனித உடம்பு எலியைவிடப் பெரியது. நான் கொடுத்த அளவு போதவில்லை என்பது அந்த நிமிடமே எனக்குப் புரிந்தது. நெற்றியில் முத்தமிட்டு, "இனிமேதான் ஜாக்கிரதையா இருக்கணும். ஒரு வேளை தவறக்கூடாது" என்றேன். மறுநாளிலிருந்து சாற்றைச் சுண்டக் காய்ச்சி, காலையும் மாலையும் கொடுத்தேன்.

கரு கலையவில்லை. அவளுக்குப் பசி போயிற்று. மசக்கை என்று மாப்பிள்ளை சொன்னார். அப்புறம் கண் மஞ்சளாயிற்று.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே அதுதான். "நாட்டு மருந்து, கஷாயம், லேகியம் ஏதாவது சாப்பிட்டீங்களா? மறைக்காம சொல்லுங்க. சிலது கல்லீரலை அடியோட கெடுத்துடும்."

பொடிசு என் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, "எங்க அக்கா விஞ்ஞானி, டாக்டர். கண்டதையும் குடிக்க விடமாட்டா" என்றாள்.

என் வேலை போய்விடக்கூடாதே என்று சொன்ன பொய். அவளுக்குப் பொய் சொல்ல வராது, காது மடல் சிவந்துவிடும். டாக்டர் காதைப் பார்க்கவில்லை. நோயாளி ஒன்று சொல்லும்போது கூட இருப்பவர் மறுத்துப் பேசுவது அவ்வளவு நாகரிகமாக எனக்குப் படவில்லை.

அவள் கண்ணை மூடிய பிறகு நான் சும்மா இருந்துவிடவில்லை. எங்கள் எலி எதுவும் அந்தச் சாற்றை ஒரு வாரத்துக்கு மேல் குடித்ததில்லை, அதற்குள் தராசுக்குப் போய்விடும். இந்த முறை ஒரு கூண்டு எலிகளை மாதக்கணக்கில் குடிக்கவிட்டேன். முதல்முறையாக வயிற்றை முழுதும் திறந்து பார்த்தேன். கல்லீரல் தொட்டால் உதிர்ந்தது. உடனே எல்லா ஆய்வகங்களுக்கும் எச்சரிக்கை அனுப்பினேன். அதனால் எத்தனையோ பேர் பிழைப்பார்கள். உங்கள் அறிக்கையில் இதையும் சேர்த்துக்கொண்டால் நியாயமாக இருக்கும்.

மாலை வேளைக்காக நான் கொடுத்தனுப்பியிருந்த பாட்டில் மாடி அலமாரியில் கிடந்தது. மாப்பிள்ளை அதை என்னிடமே கொண்டுவந்து, "இதுல என்ன இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க அண்ணி" என்றார். இஞ்சி, தேன் என்று எழுதிக் கொடுத்தேன். பாதியை வேறொரு ஆய்வகத்துக்கும் கொடுத்திருக்கிறார். கணக்கு வாத்தியார் இல்லையா, விடையைச் சரிபார்க்காமல் விடுவாரா. அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

ஆஸ்பத்திரியிலும் கொடுத்தீர்களா என்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். டாக்டர் அப்படிச் சொன்ன அன்றைக்குச் சாயங்காலம் மாப்பிள்ளை வெளியே போயிருந்தார். பொடிசு மெதுவாகக் கேட்டாள். "அக்கா, மருந்து கொண்டுவந்தியா? தவறக்கூடாதுன்னு சொன்னியே."

கொண்டுபோயிருந்தேன். மதியம் எடுத்த ஸ்கேனில் குழந்தையின் இதயம் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. தொடங்கியதைப் பாதியில் நிறுத்தினால் அதுவரை செய்தது எல்லாம் வீண். அவளால் தலையைத் தூக்க முடியவில்லை. கழுத்துக்குப் பின்னால் பதமாகக் கை கொடுத்து, அவள் அடங்கும் வரை காத்திருந்து, கொஞ்சம் கொஞ்சமாக வாயில் விட்டேன். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. குடித்துவிட்டு நாக்கை நீட்டிக் காட்டினாள்.

மாப்பிள்ளை மாடியைக் காலி செய்துகொண்டு அவர் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். பொடிசு மட்டும் கடைசிவரை என்னை விட்டு எங்கும் போகவில்லை.